நாற்பத்தேழாவது இடம்

முதல் அநியாயம்: பங்குனி ஆறாம் தேதி, உப்பளக் கம்பெனி நாற்பத்தோரு பேரின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, அப்படி யாரும் அங்கே உப்பு வாரியதே இல்லை என்றது.

இரண்டாவது: அந்த நாற்பத்தோரு பேரும் சங்கத்தின் உறுப்பினர்கள் என்று காட்டிய பட்டியலை, விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு விரலால் வாங்கிப் பார்த்தார். உங்கள் பட்டியலுக்கு உங்களைத் தவிர யார் சாட்சி என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது: சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்ட கங்காணி, சொல்ல வேண்டிய நாளில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு மகளே கிடையாது.

நான்காவது: வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள், குடியிருப்புக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி வராமல் நின்றது.

ஐந்தாவது: பதினேழாம் நாள் காலை, உறுப்பினர் எண் நாற்பத்தேழு, சுடலைவடிவு, கேட்டைத் தாண்டி வேலைக்கு உள்ளே போனாள்.

இவ்வளவும் சங்கச் செயலாளர் தவசிமுத்துவின் நோட்டில் தேதியோடு இருந்தன. தேதி இல்லாத அநியாயம் வெறும் புலம்பல் என்பது அவர் கட்சி. ஐந்தாவதை எழுதி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு கம்பெனி திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிறகு நடந்தவை எல்லாம் துண்டுப் பிரசுரத்துக்குப் போயின. மன்னிக்க முடியாதவை மட்டும் நோட்டுக்கு.

தை மாத முதல் ஞாயிறு, பகல் பதினோரு மணிக்கு, அவர் நோட்டைத் திறந்து ஆறாவதை எழுதினார்.

ஆறாவது: இருக்கிறது என்று தானே சொன்ன பொருளை, போய்க் கேட்டபோது இல்லை என்றது, சங்கத்தின் கம்ப்யூட்டர்.

எழுதி முடித்து, குருவுக்காகக் காத்திருந்தார்.

சீடருக்கு வயது அறுபத்தாறு. குருவுக்கு இருபத்தொன்பது. பெயர் ஜெபக்கனி. நகரத்தில் ஒரு கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவர். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து, சங்கத்தின் படிப்பகத்தில் வேண்டியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார். இவர்களைக் குருவும் சீடரும் என்று முதலில் அழைத்தவர் எதிரே டீக்கடை வைத்திருக்கும் மைதீன். கேலிக்குத்தான் அழைத்தார். தவசிமுத்து அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரியாததைச் சொல்லித் தருகிறவர் குரு, இதில் வயது எங்கே வந்தது என்று மைதீனிடம் அரைமணி நேரம் பேசினார். டீ ஆறிப்போனது. பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். முதலாளி இல்லாத கம்ப்யூட்டர் என்று தவசிமுத்து அதற்கு ஒரு பிரசுரமே போட்டிருந்தார். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி, யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் விட்டது. அதனால்தான் அவருக்கு அவ்வளவு வலித்தது. கம்பெனி ஏமாற்றினால் இப்போதெல்லாம் அவருக்குக் கோபம் மட்டும் வரும். தோழர் ஏமாற்றினால் நோட்டு வரும்.

அன்று மாலை நான்கு மணிக்குப் பெயர் வாசிப்பு.

இரண்டாவது அநியாயத்தில் பிறந்த வழக்கம் அது. உப்பு சீசன் தொடங்கும் முன்னால், போன வருடத்து உப்பு அம்பாரத்தின் அருகே எல்லோரும் கூடுவார்கள். செயலாளர் ஒவ்வொரு உறுப்பினரின் எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். பக்கத்தில் இரண்டு சாட்சிகள். ஒருவர் சங்கத்துக்குள்ளிருந்து, ஒருவர் வெளியிலிருந்து. ஒவ்வொரு பெயருக்கும் இருவரும் "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். வாசித்த பெயர்தான் உறுப்பினர். வாசிக்காத பெயர் இல்லை. இனி எந்த அதிகாரியும் யார் சாட்சி என்று கேட்க முடியாது.

இதுவரை தவசிமுத்து கையால் எழுதி வாசித்தார். போன பொதுக்குழுவில் அச்சிட்ட பட்டியல்தான் வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். சாட்சிகளுக்கு ஆளுக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று. ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட பிரிண்டர் கிடைத்தது. அந்தப் பிரிண்டரோடு கம்ப்யூட்டர் பேச ஒரு மென்பொருள் பேக்கேஜ் வேண்டும். அதைத்தான் கம்ப்யூட்டர் முதலில் இருக்கிறது என்று சொல்லி, பிறகு இல்லை என்றது.

வாசிப்புக்கு ஒவ்வொரு வருடமும் சுடலைவடிவும் வருவார். கூட்டத்தின் கடைசியில், முள் நிறைந்த உடைமரத்தடியில் நிற்பார். நாற்பத்தாறாவது பெயரை வாசித்ததும் தவசிமுத்து ஒரு மூச்சு விடுவார். பிறகு நாற்பத்தெட்டு. நடுவில் இருந்த எண்ணை அவர் வாசித்ததும் இல்லை, வேறு யாருக்கும் கொடுத்ததும் இல்லை. அந்த மூச்சு முடிந்ததும் சுடலைவடிவு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடப்பார்.

இந்த வருடம் அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வரும் மழைக்கு முன்னால் வேலையை நிறுத்திக்கொள்வதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். உப்புப் பாத்தியில் இறங்காதவர் பெயர் பட்டியலில் ஏறாது. இன்று வாசிக்காவிட்டால் இனி ஒருபோதும் இல்லை. இது தவசிமுத்துவுக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

ஜெபக்கனி வந்து பையைக் கீழே வைப்பதற்குள் சீடர் கேட்டார்.

"டீச்சர், பட்டியல்ல இருக்குங்குது. போய்க் கேட்டா இல்லைங்குது. யாரு பொய் சொல்லுதா?"

ஜெபக்கனி குனிந்து திரையைப் பார்த்தார். பேக்கேஜின் பெயர். அதன் பதிப்பு எண். அதைக் கொண்டுவரப் போன முகவரி. கடைசியில் 404, அப்படி ஒன்றும் இங்கே இல்லை.

"அண்ணாச்சி, காலையில ஒண்ணும் சாப்பிடலை. மைதீன் பாய் கடை போர்டுல சுண்டல்னு போட்டிருக்கு. ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாரீங்களா?"

மணி பன்னிரண்டாகப் போகிறது என்றார் தவசிமுத்து. அதனால்தான் பசிக்கிறது என்றார் ஜெபக்கனி.

அவர் போனார். போன வேகத்தில் திரும்பி வரவில்லை. டீக்கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வரும்போது கையில் காகிதத்தில் சுற்றிய பருப்பு வடை இருந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது.

"சுண்டல் இல்லை."

"போர்டுல இருக்கே."

"போர்டு கெடக்குது. அது எழுதிப் பதினெட்டு வருசம்."

"அப்போ மைதீன் பாய் பொய் சொல்லுதாரா?"

"அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்? இல்லாததை இல்லைன்னான்."

"போர்டு எழுதினவரு பொய் எழுதிட்டாரோ?"

தவசிமுத்து வடையை மேசையில் வைத்தார். அந்த ஊரின் சுவரெழுத்தெல்லாம் அவர் கை. டீக்கடை போர்டும் அவர் கைதான். எழுதினது நீரு, என்னைக் கேக்கீரு என்று மைதீன் இப்போதுதான் நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எழுதின அன்னைக்குச் சுண்டல் இருந்துது," என்றார்.

ஜெபக்கனி வடையைக் கடித்தார். "நல்லாருக்கு அண்ணாச்சி. போர்டுல வடை இல்லை, பாத்தீங்களா?"

பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, ஓர் இடத்தைத் திறந்து காட்டினார். பேக்கேஜ்கள் எல்லாம் எங்கோ தூரத்தில் ஒரு கிடங்கில் இருக்கின்றன. கிடங்கில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலைக் கம்ப்யூட்டர் தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும். நாம் ஒன்றைக் கேட்டால் அது கிடங்கைப் பார்ப்பதில்லை. தன் பட்டியலைப் பார்த்து, இருக்கிறது என்று சொல்லும். பிறகுதான் அந்த எண்ணைத் தேடிக் கிடங்குக்குப் போகும். இதற்குள் கிடங்கில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருப்பார்கள்.

பட்டியலின் தேதியைச் சீடரே படித்தார். மூன்று வருடம் முந்தியது.

அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏமாற்றியது தோழர் இல்லை. உடனே அடுத்த கோபம் வந்தது. இந்தப் பட்டியலைப் புதுசாக்காமல் விட்டது யார்?

ஜெபக்கனி திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

தவசிமுத்து மெதுவாகச் சொன்னார். யாராவது போனில் நெட் கொடுக்கும்போதெல்லாம் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். பட்டியல் பழசாகிவிட்டது, புதுப்பிக்கட்டுமா என்று கேட்கும். அவர் ஒவ்வொரு முறையும் "இப்போது வேண்டாம்" என்பதை அழுத்தினார். மூன்று வருடமாக ஒரு முறைகூடத் தவறவில்லை. அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

"ஏன் அண்ணாச்சி?"

"நல்லா ஓடிக்கிட்டிருக்கதை எதுக்கு மாத்தணும்? ஒண்ணுக்குச் சரின்னு சொன்னா அடுத்ததுக்கும் சரிங்கணும். நாப்பது வருசம் பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கேன் டீச்சர். இந்த வழி எங்கே கொண்டு போய் விடும்னு எனக்குத் தெரியும்."

"இது மாத்தாது. ஒரு எழுத்தைக்கூட மாத்தாது. இப்போ என்ன இருக்குன்னு போய்க் கேட்டுட்டு வரும். அவ்வளவுதான். எடுக்கணுமா வேண்டாமாங்கிறது அப்புறம். அதுக்கு வேற கட்டளை."

"கேட்டா விட்டுக்கொடுத்ததா ஆகாதா?"

"கேட்டா கேட்டதா ஆகும்."

 தவசிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நானே அடிக்கிறேன் என்றார்.

கட்டளைக்கு முன்னால் "சூடோ" என்று அடிக்க வேண்டும். பெரிய ஆள் சொல்கிறார், செய் என்று அர்த்தம். முதல் மாதத்திலேயே அவர் இந்தச் சொல்லுக்கு எதிர்ப்புத் தெரிவித்திருந்தார். முதலாளி இல்லாத இடத்தில் பெரிய ஆள் எங்கிருந்து வந்தார் என்று கேட்டார். தப்பு நடந்தால் யார் பேரில் விழுமோ அவர்தான் பெரிய ஆள் என்று அன்றைக்கு ஜெபக்கனி சொன்னார். அது அவருக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து சூடோவை மட்டும் அழுத்தி அழுத்தி அடிப்பார்.

ஜெபக்கனியின் போனிலிருந்து நெட் வந்தது. கட்டளையை அடித்தார். எழுத்துகள் ஓடின. நின்றன. கிடங்கு கொடுத்த புதிய பட்டியலை ஏற்க முடியாது என்று கம்ப்யூட்டர் சொன்னது. காரணமும் சொன்னது. இந்தப் பட்டியல் செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவில்லை.

"வரலையா?" என்றார் தவசிமுத்து. "இன்னைக்குத்தானே கேக்கோம்?"

ஜெபக்கனி திரையின் மூலையைக் காட்டினார். அதில் 2010 ஜனவரி ஒன்று என்று இருந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது. ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் கம்ப்யூட்டர் அதே நாளில்தான் கண் விழிக்கிறது. இன்றைய பட்டியலைக் கொடுத்தால், வராத நாளின் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறார்களே என்று சந்தேகப்படுகிறது.

"மழைக்காலத்துல இருந்தே அப்படித்தான் காட்டுது," என்றார் தவசிமுத்து. "நாள் பாக்க நமக்குக் காலண்டர் இருக்கேன்னு விட்டுட்டேன்."

"உங்களுக்கு இருக்கு. அதுக்கு இல்லையே. தேதியை நீங்களே சொல்லிக் கொடுங்க."

சீடர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, நாள், மாதம், வருடம் ஒவ்வொன்றாக அடித்தார். பதினான்கு வருடத்தை ஒரு தட்டில் தாண்டிவிட்டதே என்று வியந்தார். மைதீனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார். பிறகு வேண்டாம் என்றார். சுண்டல் பேச்சு வரும்.

மறுபடி கட்டளை. இந்த முறை பட்டியல் இறங்கத் தொடங்கியது. பாதியில் போனில் சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது பழைய பட்டியலில் ஒரு பாதியும் புதியதில் ஒரு பாதியும் ஒட்டிக்கொண்டு, கணக்கு ஒத்துவரவில்லை என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. மணி ஒன்றரை.

"பழைய பட்டியல் எல்லாத்தையும் அழிச்சிரலாம்," என்றார் ஜெபக்கனி. "சுத்தமா. அப்புறம் முதல்லேருந்து கேப்போம்."

தவசிமுத்துவின் கை விசைப்பலகையிலிருந்து எழுந்துவிட்டது. மூன்று வருடமாகத் தட்டிச் சேர்த்த பிரசுரங்கள் உள்ளே இருந்தன. உறுப்பினர் பட்டியல் இருந்தது. அதைவிட, அவருடைய வாழ்நாளில் பட்டியலை அழித்தவன் எவனும் நல்லவனாக இருந்ததில்லை.

"அழிச்சா உள்ளே இருக்கது போயிராதா?"

"உள்ளே இருக்கது உள்ளேயே இருக்கும். வெளியே என்ன இருக்குன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கது மட்டும்தான் போகும்."

அவர் சூடோவை அழுத்தி அடித்தார். மற்றதை ஜெபக்கனி சொல்லச் சொல்ல அடித்தார். கடைசி விசையை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தார். பிரசுரங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தார். ஜெபக்கனி அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஒரே மூச்சில் நடந்தது. பட்டியல் முழுதாக வந்தது. பேக்கேஜைக் கேட்டார். கிடங்கில் இருந்தது, பழைய எண்ணில் அல்ல, புதிய எண்ணில். இறங்கியது, நிறுவிக்கொண்டது. மூலையில் கிடந்த பிரிண்டர் இருமிவிட்டுத் தாளை இழுத்தது. தவசிமுத்து எழுந்து நின்றுவிட்டார். ஊர்வலத்தில் கொடி ஏறும்போது நிற்பது போல் நின்றார்.

நோட்டைத் திறந்து ஆறாவது அநியாயத்தைக் குறுக்கே அடித்தார். கம்ப்யூட்டரிடம் வருத்தம் தெரிவிக்க வழியில்லை. துண்டால் திரையைத் துடைத்துவிட்டார்.

ஜெபக்கனி தாள்களை எடுத்து அடுக்கினார். இரண்டாவது பக்கத்தில் கண் நின்றது. அவர் ஒரு வருடத்து வாசிப்பையும் பார்த்ததில்லை.

"நாப்பத்தேழு பிரிண்ட் ஆகலை அண்ணாச்சி. எண் மட்டும் விழுந்திருக்கு."

"ஆகாது. அது காலிதான்."

"ஆள் இல்லையா?"

தவசிமுத்து நோட்டைத் தள்ளினார். ஜெபக்கனி ஐந்தாவதைப் படித்தார். ஒரு முறைதான் படித்தார். நோட்டை மூடாமல் மேசையில் வைத்து, கம்ப்யூட்டரின் மூலையைக் காட்டியது போலவே, எழுதியிருந்ததன் மேல் மூலையில் விரலை வைத்தார்.

அங்கே தேதி இருந்தது.

"நான் பொய் எழுதலை," என்றார் தவசிமுத்து. "என் கண்ணால பாத்தேன். கேட்டைத் தாண்டி உள்ளே போனா."

"நீங்க பொய் எழுதினீங்கன்னு யாரு சொன்னா?"

"பின்னே?"

"கடைசியா எப்போ கேட்டீங்க?"

சீடர் ஜன்னல் பக்கம் திரும்பினார். படிப்பகத்தின் ஜன்னலில் உடைமரம் தெரியும். மணி இரண்டரை. வாசிப்புக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சுடலைவடிவு அதற்குள் வந்து, மரத்தடியில் ஒரு கல்லின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நிற்க முடியாதவர் இடம் பிடிக்கச் சீக்கிரம் வந்துவிட்டார்.

"கேட்டா கேட்டதுதானே?" என்றார் தவசிமுத்து, ஜன்னலைப் பார்த்தபடி.

"அவ்வளவுதான்," என்றார் ஜெபக்கனி.

மரத்தடிக்கு ஐம்பது அடி. அவர் அதை ஐநூறு அடியாக நடந்தார். வழியில் மைதீன் என்னவே, இந்த முறை அவிச்ச கடலையா என்று கேட்டதற்கும் திரும்பவில்லை.

சுடலைவடிவு எழுந்திருக்கவில்லை. "வாங்க செயலாளரே. இங்கே உக்காரக் கூடாதுன்னு ஏதும் தீர்மானம் போட்டிருக்கியளா?"

அப்படி இல்லை என்றார் தவசிமுத்து. ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"இருபத்திரெண்டு வருசங்கழிச்சு வாய் திறந்திருக்கு. கேளுங்க."

"பதினேழாம் நாள் உள்ளே போனியா?"

"போனேன்."

"எதுக்கு?"

"வேலைக்குத்தான். பின்ன கோயில் கொடைக்கா போவாக? வீட்டுல தண்ணி இல்லை. உள்ளே தொட்டியில தண்ணி இருந்துது. வேலை பாத்தா ரெண்டு குடம்னாங்க. பாத்தேன். எடுத்துட்டு வந்தேன். தப்புன்னு எனக்கும் தெரியும். நீங்க எழுதினதுல பிழை ஒண்ணும் இல்லை."

தவசிமுத்து எதிர்பார்த்தது இதுவல்ல. அவள் மறுப்பாள், அழுவாள், ஏதாவது கதை சொல்வாள் என்று இருபத்திரண்டு வருடம் தயாராக இருந்தார். எழுதியது சரி என்று அவளே சொன்னதும் கையில் வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாகப் போயின.

"அதுக்கப்புறம்?" என்று கேட்டார்.

சுடலைவடிவு அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"இதைக் கேப்பியன்னுதான் வருசா வருசம் வந்து நிக்கேன். வெள்ள வருசத்துல ஒம்பது நாள் நிறுத்தம். கம்பெனி கேட்டு வாசல்ல கஞ்சி குடிச்சியளே, யாரு காச்சினதுன்னு கேட்டியளா? அடுத்த நிறுத்தத்துல பந்தலுக்கு என் வீட்டு ஓலை வந்துது. அதுவும் தெரியாது. சரி, போகட்டும். மூணு வருசம் முந்தி மறியல்ல எல்லாரையும் வேன்ல ஏத்தினாங்க. உங்களுக்கு எதிர்த்த சீட்டுல உக்காந்து தண்ணி பாட்டிலை நீட்டினேன். ஜன்னலைப் பாத்துக்கிட்டே வாங்கிக் குடிச்சிய. பாட்டில் எந்தக் கையில இருந்து வந்துதுன்னு நினைச்சிய? ஜன்னல்ல இருந்தா?"

தவசிமுத்துவுக்கு அந்தத் தண்ணீர் நினைவிருந்தது. நல்ல வெயில். அரை பாட்டிலை ஒரே மடக்கில் குடித்தார். திருப்பிக் கொடுக்கும்போதும் ஜன்னலைத்தான் பார்த்தார்.

"உப்புக் கரிச்சுதா?" என்று கேட்டார் சுடலைவடிவு.

"இல்லை," என்றார் அவர். "நல்ல தண்ணிதான்."

தவசிமுத்து படிப்பகத்துக்குத் திரும்பினார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். உறுப்பினர் பட்டியலைத் திறந்து, காலியாக இருந்த இடத்தில் ஒரு விரலால் தட்டினார். ஒவ்வோர் எழுத்தாக. ஜெபக்கனி உதவிக்கு வரவில்லை. பிரிண்டர் மூன்று முறை இருமியது. பழைய தாள்களை மடித்து மேசைக்குள் வைத்தார்.

மணி மூன்றரை. துண்டை உதறித் தோளில் போட்டார். போகாமல் நின்றார். கையில் நோட்டு இருந்தது.

"டீச்சர், அப்போ அஞ்சாவதையும் அடிச்சிரணுமா?"

ஜெபக்கனி பையை எடுத்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் மிச்சமிருந்த வடைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு அண்ணாச்சி? அதுலதான் அந்த நாளோட தேதி போட்டிருக்கே."

நான்கு மணிக்கு அம்பாரத்தின் அருகே எல்லோரும் கூடினார்கள். தார்ப்பாய் மூடிய உப்பின் மேல் சாய்ந்த வெயில் அடித்தது. உள் சாட்சி, லோடு ஏற்றும் அருள்ராயன். வெளிச் சாட்சி மைதீன். கடையை மூடிவிட்டு வந்திருந்தார். இருவர் கையிலும் அச்சிட்ட பட்டியல். மைதீன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். தவசிமுத்துவைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதை அந்த ஊரில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

வாசிப்பு தொடங்கியது. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு "கேட்டேன்." முப்பதைத் தாண்டும்போது தவசிமுத்துவின் குரல் வழக்கம்போல் சூடு பிடித்தது. நாற்பது. நாற்பத்தைந்து.

"நாப்பத்தாறு. குருசுமுத்து."

"கேட்டேன்."

"கேட்டேன்."

தவசிமுத்து மூச்சு விட்டார். கூட்டத்துக்கு அது பழகிய மூச்சு. சிலர் கால் மாற்றி நின்றார்கள். உடைமரத்தடியில் சுடலைவடிவு கல்லில் கை ஊன்றி எழுந்து, உதறுவதற்காக முந்தானையைக் கையில் எடுத்தார்.

"நாப்பத்தேழு," என்றார் தவசிமுத்து.

முந்தானை பாதியில் நின்றது.

இந்த முறை அவர் தாளைப் பார்க்கவில்லை. வேனில் பார்த்தது போல் வேறு பக்கமும் பார்க்கவில்லை. மரத்தடியை நேராகப் பார்த்து, இரண்டு சாட்சிக்கும் கேட்கும்படி, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி, வாசித்தார்.

"சுடலைவடிவு."